பெயர் சொல்ல மறுத்தவருக்கு 250 டாலர் அபராதம்: ஹைபல் வழக்கு குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் ஒரு காவலர் தெருவில் போகும் எவரிடமும் பெயரைக் கேட்கலாம். கேட்பதற்கு அவருக்குச் சந்தேகம் இருக்க வேண்டியதில்லை. காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. பதில் சொல்லாதவரை அந்த ஒரே காரணத்துக்காகக் கைது செய்யலாமா என்று கேட்கும்போதுதான் சட்டம் சிக்கலாகிறது. அந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் நேரடியாக விடை சொன்னது 2004 ஜூன் 21 அன்று, நெவாடா மாநிலத்துப் பண்ணையாளர் லாரி ஹைபல் நடத்திய வழக்கில். ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நான்கு நீதிபதிகள் மறுபக்கமும் நின்ற அந்தத் தீர்ப்பு, காவலர் கேட்டால் அடையாள அட்டையைக் காட்டியே ஆக வேண்டும் என்பதற்கு ஆதாரமாக இன்றும் பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. அது அனுமதித்த அதிகாரம் மிகக் குறுகியது. அந்தக் குறுகிய அதிகாரத்துக்குள்கூட ஹைபல் கைதான சம்பவம் முழுமையாக அடங்கவில்லை என்பதே என் வாசிப்பு.

சாலையோரத்தில் நடந்தது

2000 மே 21 அன்று நெவாடாவின் ஹம்போல்ட் கவுன்டி (மாவட்டம்) ஷெரிப், அதாவது மாவட்டக் காவல் தலைவர், அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கிராஸ் வேலி சாலையில் சிவப்பும் வெள்ளி நிறமும் கொண்ட ஜிஎம்சி டிரக் ஒன்றில் ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்கியதைப் பார்த்ததாக அழைத்தவர் சொன்னார். விசாரிக்கச் சென்ற துணை ஷெரிப், அந்த அடையாளங்களுடன் ஒரு டிரக் சாலையோரத்தில் நிற்பதைக் கண்டார். வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆண் நின்றிருந்தார். உள்ளே ஓர் இளம்பெண் இருந்தார். வண்டிக்குப் பின்னால் ஜல்லிப் பரப்பில் சக்கரம் இழுபட்ட தடம் இருந்ததால், அது திடீரென்று நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். நின்றிருந்தவர் ஹைபல்; உள்ளே இருந்தவர் அவருடைய மகள்.

சண்டை நடந்ததாக வந்த புகாரை விசாரிப்பதாகத் துணை ஷெரிப் சொன்னார். ஹைபல் மது அருந்தியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. அடையாளம் காட்டும் எதையாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டார். ஹைபல் மறுத்து, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். விசாரணை நடப்பதால் அடையாளத்தைப் பார்க்க வேண்டும் என்ற பதில் வந்ததும் ஹைபலுக்குக் கோபம் ஏறியது. தாம் ஒரு தவறும் செய்யவில்லை என்றார்; நீங்கள் யார், இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அறிய விரும்புகிறேன் என்றார் துணை ஷெரிப். இப்படியே பேச்சு வளர்ந்தது. ஒரு கட்டத்தில் ஹைபல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கைது செய்து சிறைக்குக் கொண்டுபோங்கள் என்று சீண்டவும் செய்தார். தீர்ப்பின் கணக்குப்படி அடையாளம் பதினோரு முறை கேட்கப்பட்டது. பதினோரு முறையும் மறுக்கப்பட்டது. மறுத்தால் கைது செய்வேன் என்று எச்சரித்த பிறகு துணை ஷெரிப் அவருக்கு விலங்கு மாட்டினார். இவையெல்லாம் ரோந்து வண்டியின் கேமராவில் பதிவாகியிருந்தன. எனவே என்ன நடந்தது என்பதில் பெரிய தகராறு எழவில்லை. நடந்ததற்குச் சட்டத்தில் என்ன பொருள் என்பதில் மட்டுமே தகராறு.

அரசு ஊழியர் தம் சட்டக் கடமையைச் செய்யவிடாமல் வேண்டுமென்றே தடுத்தல் அல்லது தாமதப்படுத்தல் என்ற குற்றப்பிரிவில் ஹைபல் மீது வழக்குப் பதிவானது. யூனியன் டவுன்ஷிப்பில் இருந்த கீழ்நிலை நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டு 250 டாலர் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் வரை சென்றது இந்தத் தண்டனை மட்டுமே. மகளைத் தாக்கினாரா இல்லையா என்பது அந்த வழக்கின் கேள்வியாகவே இல்லை.

மாநிலச் சட்டம் என்ன கேட்டது

காவலரின் சட்டக் கடமை என்று அரசுத் தரப்பு சுட்டிக்காட்டியது நெவாடா சட்டத் தொகுப்பின் 171.123 என்ற பிரிவை. ஒருவர் குற்றம் செய்தார், செய்கிறார் அல்லது செய்யப்போகிறார் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க சூழ்நிலையில் அவரைக் காவலர் நிறுத்திவைக்கலாம் என்கிறது அது. நிறுத்திவைப்பதன் நோக்கம் இரண்டே: அவர் யார் என்பதை அறிவதும், அவர் அங்கே இருப்பதில் உள்ள சந்தேகத்துக்குரிய சூழ்நிலையை அறிவதும். நிறுத்தப்பட்டவர் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் காவலரின் வேறு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும்படி அவரை வற்புறுத்த முடியாது. நிறுத்திவைப்பு அறுபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

இதில் "அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும்" என்பதற்கு நெவாடா உச்ச நீதிமன்றம் கொடுத்த பொருள் பெயரைச் சொல்வது என்பதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதையே ஏற்றுக்கொண்டு இன்னும் தெளிவாக எழுதியது: ஓட்டுநர் உரிமத்தையோ வேறு எந்த ஆவணத்தையோ காவலரிடம் கொடுக்கும்படி இந்தச் சட்டம் கேட்கவில்லை, பெயரை வாயால் சொன்னாலும் சரி, வேறு வழியில் தெரிவித்தாலும் சரி, எந்த வழி என்பதைச் சந்தேகத்துக்குள்ளானவரே தேர்ந்துகொள்ளலாம்.

ஆனால் சாலையோரத்தில் கேட்கப்பட்டது வேறு. துணை ஷெரிப் கேட்டதை ஓட்டுநர் உரிமம் அல்லது எழுத்து வடிவிலான வேறு ஏதேனும் அடையாளத்தைக் காட்டும்படி விடுத்த கோரிக்கையாகவே புரிந்துகொள்வதாக அதே தீர்ப்பின் தொடக்கப் பகுதி சொல்கிறது. அதாவது காவலர் ஆவணத்தைக் கேட்டார். சட்டம் பெயரை மட்டும் கேட்டது. பெயரைச் சொன்னாலே போதும், அட்டை தேவையில்லை என்று அவர் விளக்கியதாகத் தீர்ப்பில் பதிவான உரையாடலில் இல்லை. சட்டம் கேட்காத ஒன்றைக் கொடுக்க மறுத்தவர், சட்டம் கேட்ட ஒன்றைக் கொடுக்க மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார் என்று சொல்ல இடமிருக்கிறது. இந்த இடைவெளியில் பெரும்பான்மைத் தீர்ப்பு நின்று பேசவே இல்லை.

ஹைபலுக்காக இதை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. பதினோரு முறை கேட்கப்பட்ட போது ஒரு முறையாவது அட்டை காட்ட மாட்டேன், என் பெயர் இது என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. தம் பெயர் காவலருக்கு வேண்டாத விஷயம் என்று அவர் நினைத்தார் என்பதைத் தவிர மறுப்புக்கு வேறு காரணம் எதுவும் தெரியவில்லை என்று நீதிமன்றம் குறிப்பிட்டதற்கு அதுவே அடிப்படை. இருந்தாலும், குற்றவியல் சட்டத்தில் ஒருவரைத் தண்டிக்கும்போது, அவரிடம் கேட்கப்பட்டது சட்டம் கேட்கச் சொன்னதுதானா என்ற கேள்வி முதலில் வர வேண்டிய கேள்வி. ஹைபல் வழக்கில் அது முழு வலிமையோடு எழுப்பப்படவே இல்லை.

அதற்கு முன் வந்த மூன்று வழக்குகள்

ஹைபல் தீர்ப்பு ஏன் இவ்வளவு நிபந்தனைகளோடு எழுதப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னே வந்தவற்றைப் பார்க்க வேண்டும். 1968-இல் டெர்ரி எதிர் ஓஹையோ வழக்கில், கைதுக்குத் தேவையான வலுவான முகாந்திரம் இல்லாவிட்டாலும், குறிப்பான விவரங்களின் அடிப்படையில் எழும் நியாயமான சந்தேகம் இருந்தால் ஒருவரைச் சிறிது நேரம் நிறுத்தி விசாரிக்கலாம் என்ற விதி பிறந்தது. அந்த வழக்கில் தனியாக எழுதிய நீதிபதி வைட், அப்படி நிறுத்தப்பட்டவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்று குறிப்பிட்டார். 1984-இல் வேறொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதே கருத்தைப் போகிற போக்கில் எழுதியது. இந்த இரண்டு குறிப்புகளும் ஹைபல் தீர்ப்பு வரை செல்வாக்கோடு இருந்தன.

1979-இல் தீர்க்கப்பட்ட பிரௌன் எதிர் டெக்சஸ் வழக்கு ஹைபல் வழக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நேரெதிர் வழக்கு. 1977 டிசம்பர் 9 அன்று பகல் 12.45 மணிக்கு எல் பாசோ நகரில் ரோந்து வந்த இரண்டு காவலர்கள், ஒரு சந்தில் இரண்டு ஆண்கள் ஒருவரைவிட்டு ஒருவர் விலகி எதிரெதிர்த் திசையில் நடப்பதைப் பார்த்தார்கள். போதைப்பொருள் நடமாட்டம் அதிகம் உள்ள பகுதி அது. அவர்களில் ஒருவரான பிரௌனை நிறுத்தி, யார் என்றும் அங்கே என்ன வேலை என்றும் கேட்டார்கள். என்னை நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை என்று அவர் கோபத்தோடு மறுத்தார். சோதனையில் எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் பெயரையும் முகவரியையும் சொல்ல மறுப்பதைக் குற்றமாக்கிய டெக்சஸ் சட்டத்தின்கீழ் கைதானார். முதலில் 20 டாலர், மறு விசாரணையில் 45 டாலர் என அபராதம் விதிக்கப்பட்டது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்ட போது, பார்க்கச் சந்தேகமாக இருந்தது, அந்த ஆளை அந்தப் பகுதியில் முன்பு பார்த்ததில்லை என்பதற்கு மேல் காவலரால் எதையும் சொல்ல முடியவில்லை. உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தது. நிறுத்தியதே சட்டத்துக்குப் புறம்பு என்றால், அந்த நிறுத்தத்தின்போது பெயர் கேட்டதை மறுத்ததும் குற்றமாகாது. சட்டப்படி நிறுத்தப்பட்டவர் மறுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை மட்டும் நீதிமன்றம் அப்போது வேண்டுமென்றே தொடாமல் விட்டது. ஹைபல் வழக்கு கால் நூற்றாண்டு கழித்து அந்த வெற்றிடத்தில்தான் வந்து நின்றது.

1983-இல் கோலண்டர் எதிர் லாசன் வழக்கில், தெருவில் சுற்றித் திரிபவர்கள் நம்பத்தகுந்த அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்ற கலிபோர்னியா சட்டம் தெளிவின்மை காரணமாகச் செல்லாது என்று தீர்ப்பானது. லாசன் 1975 மார்ச்சுக்கும் 1977 ஜனவரிக்கும் இடையில் ஏறக்குறைய பதினைந்து முறை அந்தச் சட்டத்தின்கீழ் பிடித்துவைக்கப்பட்டவர் அல்லது கைதானவர். எந்த அடையாளம் நம்பத்தகுந்தது என்பதை அந்தந்த நேரத்தில் அந்தந்தக் காவலரே முடிவு செய்துகொள்ளும்படி சட்டம் விட்டுவிட்டது என்பதே அதன் குறை. நெவாடா சட்டம் இந்த ஆபத்திலிருந்து தப்பியதற்குக் காரணம், அது பெயரோடு நின்றுகொண்டதுதான். அட்டை வேண்டும் என்று நெவாடா வற்புறுத்தியிருந்தால் லாசன் வழக்கின் கேள்விகள் மீண்டும் எழுந்திருக்கும். ஹைபல் தீர்ப்பை அட்டைக்கான அனுமதியாகப் படிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஒரே சட்டம், இரண்டு விடைகள்

2002-இல் நெவாடாவில் வினோதமான ஒரு நிலை இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், கேரி என்பவர் தொடுத்த வழக்கில், ஒன்பதாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயர் சொல்ல மறுத்ததற்காக ஒருவரைக் கைது செய்வது நியாயமற்ற சோதனையையும் பிடித்துவைப்பையும் தடுக்கும் அரசமைப்பின் நான்காவது திருத்தத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டின் இறுதியில் நெவாடா உச்ச நீதிமன்றம், ஹைபலின் மேல்முறையீட்டில், அதே சட்டப்பிரிவு செல்லும் என்று நீதிபதிகளிடையே கருத்து வேறுபாட்டுடன் முடிவு செய்தது. 2001 செப்டம்பர் தாக்குதலின் நிழல் அந்தத் தீர்ப்பில் வெளிப்படையாகவே விழுந்திருந்தது; அடையாளத்தை மறைத்து இயங்கும் எதிரிகளோடு நாடு போரில் இருப்பதாகப் பெரும்பான்மை எழுதியது. ஒரு மாவட்டத்துச் சாலையோரத் தகராறுக்கு இவ்வளவு பெரிய பின்னணி தேவைதானா என்ற ஐயம் படிக்கும் எவருக்கும் எழும். தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஐந்தாவது திருத்த வாதத்தையும் தீர்க்கும்படி ஹைபல் மறுபரிசீலனை கேட்டார். அது காரணம் எதுவும் கூறப்படாமல் தள்ளுபடியானது.

ஐவர் சொன்னது

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கென்னடி. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட், ஓகானர், ஸ்காலியா, தாமஸ் ஆகியோர் உடன்பட்டனர். அதன் தர்க்கத்தில் மூன்று படிகள் உண்டு.

முதல் படி, கடமை எங்கிருந்து வருகிறது என்பது. காவலரின் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையை நான்காவது திருத்தம் யார் மீதும் சுமத்தவில்லை என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்தக் கடமை மாநிலச் சட்டத்திலிருந்து வருகிறது. ஆகவே மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டால் ஹைபல் தீர்ப்பைக் காட்டி எவரையும் பெயர் சொல்ல வைக்க முடியாது. மிக அதிகமாக மறக்கப்படும் பகுதி இதுதான்.

இரண்டாவது, அப்படி ஒரு மாநிலச் சட்டம் நியாயமானதா என்பது. ஆள் யார் என்று தெரிந்தால், அவர் வேறு வழக்கில் தேடப்படுபவரா, வன்முறைப் பின்னணி உள்ளவரா என்பது தெரியும். சந்தேகத்திலிருந்து விடுபடவும் அது உதவலாம். குடும்பத் தகராறு குறித்த புகாரில் எதிரே நிற்பவர் யார் என்பதை அறிவது காவலரின் பாதுகாப்புக்கும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவரின் பாதுகாப்புக்கும் முக்கியம். பெயரைக் கேட்பதால் நிறுத்தத்தின் நேரமோ இடமோ மாறுவதில்லை. மறுத்தால் தண்டனை என்ற நிலை இல்லாவிட்டால் கேள்விக்கே வலு இல்லை. இந்த அனுமதிக்கும் ஒரு வேலி உண்டு. பெயரைக் கேட்பது நிறுத்தியதற்கான காரணத்தோடு நியாயமான தொடர்புடையதாக இருக்க வேண்டும். சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைக்காமல் போன பிறகு, கைதுக்கு ஒரு சாக்காகப் பெயரைக் கேட்க முடியாது.

மூன்றாவது, ஐந்தாவது திருத்தம். பெயர் சொல்வது சாட்சியத்தன்மை கொண்ட செயலா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. அப்படியே இருந்தாலும், பெயர் தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்கும் என்ற உண்மையான அச்சம் எதையும் ஹைபல் முன்வைக்கவில்லை என்று சொல்லி அந்த வாதத்தை ஒதுக்கியது. பெயரைச் சொல்வது பெரும்பாலும் அற்பமான விஷயம். அசாதாரணமான சூழ்நிலைகளில் மட்டுமே அது ஒருவரைச் சிக்கவைக்கும் என்றது.

இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படுகிறது. காவலருக்கு வேண்டும் என்ற இடத்தில் பெயர் பெரும் மதிப்புடையதாகிறது. குடிமகனுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற இடத்தில் அதே பெயர் அற்பமாகிவிடுகிறது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் இதைத்தான் பிடித்தார். பயன் இல்லையென்றால் காவலர் எதற்காகப் பெயரைக் கேட்கிறார் என்பது அவர் கேள்வியின் சாரம். காவல் துறையின் தரவுத்தளங்களைத் திறக்கக்கூடிய காவலரின் கையில், பெயர் என்பது ஒருவரைப் பற்றிய ஏராளமான தகவல்களுக்கான சாவி என்று அவர் எழுதினார்.

தனியாக எழுதிய நீதிபதி பிரையர், அவரோடு சேர்ந்த சௌட்டர், கின்ஸ்பெர்க் ஆகியோர், டெர்ரி வழக்கிலிருந்து தொடர்ந்து சொல்லப்பட்டுவந்த பதில் சொல்லக் கடமை இல்லை என்ற கருத்தை மாற்ற ஒரு காரணமும் இல்லை என்றார்கள். இன்று பெயர் என்றால், நாளை உரிம எண், அதற்கடுத்து எங்கே வசிக்கிறீர்கள் என்று பட்டியல் நீளாதா என்று பிரையர் கேட்டார். அவர் அஞ்சிய நீட்சி பாதியளவு நடந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஓஹையோவின் சட்டம் இப்போது பெயரோடு முகவரியையும் பிறந்த தேதியையும் கேட்கிறது.

பெயர் அற்பமானது என்ற பெரும்பான்மையின் ஊகத்துக்கு 2016-இல் வந்த யூட்டா எதிர் ஸ்ட்ரீப் வழக்கு நேரடியான மறுப்பாக அமைந்தது. கண்காணிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தவரைக் காவலர் போதிய சந்தேகம் இல்லாமலே நிறுத்தினார். அடையாளத்தை வாங்கி அலுவலகத்துக்குச் சொன்னார். நிலுவையில் இருந்த ஒரு போக்குவரத்து வாரன்ட் தெரியவந்தது. அதைக் காட்டிக் கைது செய்து, சோதனையிட்டு, போதைப்பொருளைக் கைப்பற்றினார். நிறுத்தியது சட்டவிரோதம் என்பதை அரசே மறுக்கவில்லை. ஆனாலும் இடையில் வாரன்ட் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்த ஆதாரம் செல்லும் என்று ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பானது. தவறான நிறுத்தத்தைக்கூடச் சரியான கைதாக மாற்றிவிட அடையாளம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

மாநிலத்துக்கு மாநிலம்

கடமை மாநிலச் சட்டத்திலிருந்து வருவதால், ஹைபல் தீர்ப்புக்குப் பின்னும் நாடு முழுவதற்கும் ஒரே விடை இல்லை. ஹைபல் தோற்ற மறு ஆண்டே, 2005-இல், சட்டப்படி நிறுத்தப்பட்டவர் உண்மையான முழுப் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தை அரிசோனா இயற்றியது. பிரௌன் வழக்கில் தோற்ற டெக்சஸ், சட்டத்தைத் திருத்திக்கொண்டது: இப்போது அங்கே நிறுத்திவைக்கப்பட்ட நிலையில் மௌனமாக இருப்பது பொதுவாகக் குற்றமன்று, கைதான பிறகு மறுப்பதே குற்றம்; ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட நிலையிலேயே பொய்ப் பெயர் சொன்னால் குற்றம். நியூயார்க்கில் பெயரும் முகவரியும் விளக்கமும் கேட்கக் காவலருக்கு அதிகாரம் உண்டு. மறுப்பதற்கென்று அந்தப் பிரிவில் தண்டனை இல்லை. லாசன் வழக்கில் சட்டத்தை இழந்த கலிபோர்னியாவில் நெவாடாவினது போன்ற பொதுப் பிரிவு இல்லை.

அலபாமாவில் ஹைபல் சம்பவத்தின் இடைவெளி அப்படியே மீண்டும் தலைகாட்டியது. ஹன்ட்ஸ்வில் நகரில் ஒரு தேவாலய வாகன நிறுத்துமிடத்தில் வாடிக்கையாளரின் காரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் காவலர்கள் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டு, தராததால் கைது செய்தார்கள். மாநிலச் சட்டம் பட்டியலிடுவது பெயர், முகவரி, என்ன செய்கிறார் என்ற விளக்கம் ஆகிய மூன்றை மட்டுமே. ஆவணம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் அந்தக் கைதுக்குச் சட்ட முகாந்திரம் இல்லை என்றும், பணியின்போது செய்ததற்காகத் தம்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்ற பதவிப் பாதுகாப்பைக் காவலர்கள் கோர முடியாது என்றும் 2023-இல் பதினோராவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மாநிலச் சட்டத்துக்கு இறுதியாகப் பொருள் சொல்லும் உரிமை அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்கே உரியது என்பதால் இத்தகைய வாசிப்புகள் மாறவும் கூடும். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு சரியாகக் காட்டியது: சட்டம் எதைக் கேட்கச் சொல்கிறது, காவலர் எதைக் கேட்டார்? ஹைபல் வழக்கில் 250 டாலர் அபராதத்தைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கக்கூடிய வாதம் அதுவே.

இதுவரை சொன்னது நடந்து போகிறவர்களுக்கும் நின்றுகொண்டிருப்பவர்களுக்கும். வாகனம் ஓட்டுபவர் நிலை வேறு. ஓட்டுவதற்கே உரிமம் தேவை என்பதால், சட்டப்படி நிறுத்தப்பட்ட ஓட்டுநர் அதைக் காட்ட வேண்டும். ஆனால் எந்தச் சந்தேகமும் இல்லாமல் உரிமத்தைப் பார்ப்பதற்கென்றே காவலர் தம் விருப்பப்படி ஒரு வண்டியை நிறுத்த முடியாது என்பது 1979-இன் டெலாவேர் எதிர் பிரௌஸ் தீர்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பயணிப்பவருக்கு அந்தக் கடமை தானாகவே வந்துவிடாது. அரிசோனாவில் வேகமாக ஓட்டியதற்காக நிறுத்தப்பட்ட காரில் இருந்த பயணியிடம் அடையாளம் கேட்டு நிறுத்தத்தை நீட்டித்தது தவறு என்று 2019-இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தனிச் சட்டம் உண்டு, இதை ஹைபல் தீர்ப்பு தொடவே இல்லை. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தமக்கு வழங்கப்பட்ட பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டம். அங்கே வேலைக்கோ படிப்புக்கோ சென்றிருக்கும் தமிழர்கள், குடியுரிமை பெற்றவர்களுக்கான விதியைத் தமக்கும் உரியதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

கைதான பிறகு அடையாளம் தொடர்பான அதிகாரம் மேலும் விரிகிறது: கைரேகை, புகைப்படம், கடுமையான குற்றங்களில் மரபணு மாதிரி வரை. 2013-இல் மரபணு மாதிரி எடுப்பதை அனுமதித்த மேரிலேண்ட் எதிர் கிங் தீர்ப்பையும் எழுதியவர் கென்னடியே. ஹைபல் வழக்கில் அவரோடு நின்ற ஸ்காலியா அங்கே கடுமையாக மாறுபட்டார். ஹைபல் வழக்கில் மாறுபட்ட பிரையர் அங்கே உடன்பட்டார். அடையாளம் பற்றிய கேள்வியில் நீதிபதிகள் எப்போதும் ஒரே அணியாகப் பிரிந்து நிற்பதில்லை.

சாலையோரத்தில் எப்படித் தெரியும்

சட்டப் புத்தகத்தில் மூன்று நிலைகள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன: விரும்பினால் விலகிப் போகக்கூடிய வெறும் பேச்சு, நியாயமான சந்தேகத்தின் பேரில் நிறுத்திவைப்பு, கைது. முதல் நிலையில் பதில் சொல்ல மறுப்பதையே சந்தேகத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது. ஆனால் எதிரே நிற்பவருக்கு எந்த நிலையில் இருக்கிறோம் என்பது தெரியாது; நியாயமான சந்தேகம் இருக்கிறதா என்பதை முடிவு செய்யும் விவரங்கள் காவலரின் தலைக்குள்ளும் வானொலிச் செய்தியிலும் இருக்கின்றன. ஹைபலுக்குத் தொலைபேசி அழைப்பின் முழு விவரம் தெரியாது. தாம் போகலாமா என்று கேட்பதுதான் நிலையைத் தெரிந்துகொள்ள நிறுத்தப்பட்டவருக்கு உள்ள எளிய வழி. போகலாம் என்றால் அது வெறும் பேச்சு. போகக் கூடாது என்றால் நிறுத்திவைப்பு. அப்போது மாநிலச் சட்டம் கேட்பதைச் சொல்லிவிட்டு, மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை என்று தெரிவிக்கலாம். மௌனத்துக்கும் பொய்க்கும் வேறுபாடு பெரிது. பல மாநிலங்களில் பொய்ப் பெயர் தனிக் குற்றம். நிறுத்தியது சரியில்லை என்று தோன்றினாலும் அதைச் சோதிக்கும் இடம் நீதிமன்றமே. பிரௌன் வென்றதும் அங்கேதான்.

ஹைபல் தீர்ப்பு விடை சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. பெயரைச் சொன்னால் தாம் சிக்கிக்கொள்வோம் என்பதற்கு உண்மையான அடிப்படை உள்ள ஒருவர், உதாரணமாகத் தம் பெயரில் வாரன்ட் நிலுவையில் இருப்பதை அறிந்தவர், நெவாடாவைப் போன்ற ஒரு மாநிலத்தில் சட்டப்படி நிறுத்தப்பட்டு, ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி வாய் திறக்க மறுத்தால் என்ன ஆகும்? பெயர் குற்றச் சங்கிலியின் ஒரு கண்ணியாக அமையும் என்று கணிசமான அடிப்படையோடு சொல்லப்படும் வழக்கு வரும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கென்னடி தீர்ப்பின் இறுதிப் பகுதியில் எழுதினார். அந்த விலக்கு கிடைக்க வேண்டுமென்றால், பெயரால் தமக்கு ஆபத்து இருக்கிறது என்பதை மறுப்பவர் ஏதோ ஒரு வகையில் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்த அந்தக் கணமே காவலரின் சந்தேகம் வலுக்கும்.